நிர்மலா அக்காவுக்கு ஆறாவது வீடு

ஓசூரிலிருந்து நிர்மலா போன் செய்தபோது வேளாங்கண்ணி விருபாட்சிபுரத்தில் ஒரு காலி வீட்டுக் குளியலறையில் நின்றுகொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வேளா, தர்மபுரில ஒரு வூடு பாரு."

"யாருக்குங்கக்கா? நவநீதனுக்கு வேலை இங்க மாத்திட்டாங்களா?"

"எனக்குத்தான். ஒருத்திக்கு."

வாளி நிறைந்து வழிந்தது. வேளாங்கண்ணி குழாயை மூடவில்லை.

தர்மபுரியில் வாடகை வீடு தேடுபவர்களுக்கு வேளாங்கண்ணியைத் தெரியாமல் இருக்காது. வயது ஐம்பத்தெட்டு. எழுபத்திரண்டு வீடுகள் அவள் பொறுப்பில் இருந்தன. உரிமையாளர்களில் பாதிப் பேர் பெங்களூரிலும் சென்னையிலும் குவைத்திலும் இருந்தார்கள். சாவி கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. பதினோரு மாத அக்ரிமென்ட், புதுப்பிக்கும் தேதி, வெள்ளையடித்த வருஷம், கரண்ட் மீட்டர் எண் எல்லாம் அவள் போனிலேயே இருக்கும். வாடகை ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். குழாய் ஒழுகினால் குடியிருப்பவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினால் போதும். மறுநாள் பிளம்பர் வந்து நிற்பார். "வேளாங்கண்ணியம்மா கிட்ட ஒப்படைச்சிட்டா வூட்டையே மறந்துடலாம்" என்று உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். புது வீடுகள் அப்படித்தான் அவளிடம் வந்தன.

உரிமையாளர்களுக்கென்று அவள் ஒரு பக்கத்தில் விதிகளை அச்சடித்து வைத்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது விதி: அறுபது வயது தாண்டிய, தனியாக இருப்பவருக்கு வீடு விடுவதில்லை.

நிர்மலாவுக்கு அறுபத்து மூன்று.

"வாங்கக்கா, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். ஏழாவது விதியைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. அந்த விதியை எழுதியவளே அவள்தான் என்பதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஸ்கூட்டியைக் குமாரசாமிப்பேட்டைப் பக்கம் திருப்பினாள். அவளுக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. கருப்பண்ணனின் லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. கீழே மருந்துக் கடை. எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

எண்பத்தொன்பதில் அங்கே வரிசையாக ஐந்து போர்ஷன்கள் இருந்தன. கோவிலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வேளாங்கண்ணியும், டிராக்டர் பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவன் வியாகுலமும் முதல் போர்ஷனில் இருந்தார்கள். நான்காவது காலியானபோது வீட்டுக்காரர் கருப்பண்ணன், "உனக்குத் தெரிஞ்ச நல்ல சனமா இருந்தா சொல்லும்மா" என்றார். மாதாகோயிலுக்குப் போய்வரும் வழியில் அவள் பேச்சுவாக்கில் நாலு பேரிடம் சொல்லிவைத்தாள். அதைக் கேட்டு வந்தவர்கள்தான் மாதவராஜும் நிர்மலாவும். அவள் முதன்முதலாகக் குடிவைத்த குடும்பம் அது.

மாதவராஜ் பஸ் கண்டக்டர். அப்போது பாப்பிரெட்டிப்பட்டி வண்டியில் போய்க்கொண்டிருந்தார். குடிவந்த அன்று தனி வண்டி பிடிக்காமல், சாமான்களைத் தன் பஸ் மேலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பஸ் தெரு முனையில் நின்றது. "ரெண்டே நிமிசங்க, கோவிச்சுக்காதீங்க" என்று அவர் பயணிகளைப் பார்த்துக் கும்பிட்டார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இன்னொருவர் ஆட்டுக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு, "எந்த வூடும்மா?" என்று வேளாங்கண்ணியிடம் கேட்டார். கடைசியாகப் புதுப்பெண் நிர்மலா கையில் அரிக்கேன் விளக்கோடு இறங்கியபோது பஸ்ஸே சிரித்தது.

ஐந்து குடும்பத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். தினம் சண்டை. ஒருநாள் வேளாங்கண்ணி கரித்துண்டை எடுத்துச் சுவரில் யார் யாருக்கு எப்போது தண்ணீர் என்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. அதைப் பார்த்த கருப்பண்ணன், "இனிமே இந்த அஞ்சு போர்ஷனையும் நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். அவளுடைய தொழில் அப்படித் தொடங்கியது.

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி அவள் வாடகை வாங்கப் போவாள். மற்ற நான்கு கதவு தட்டக் காலையில் கிளம்பினால் மதியமாகிவிடும். ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் மாமியார் பற்றிய புகார், இன்னொரு வீட்டில் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வார்கள். "வாடகை வாங்கப் போனியா, ஊர்வலம் போனியா?" என்று வியாகுலம் கேட்பார்.

அதற்குப் பின் நிர்மலாவுக்கு அவள் நான்கு வீடுகள் பார்த்துக் கொடுத்தாள். நவநீதன் பிறந்தபோது நெசவாளர் காலனியில் ஒரு மாடி வீடு. கீழே இருந்த உரிமையாளர் சைவம். முட்டை ஓடுகூட அந்த வீட்டுப் படியேறக் கூடாது. மாதவராஜை அதற்குள் ஒகேனக்கல் வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். ஞாயிறு ஷிப்ட் முடிந்து வரும்போது வறுத்த மீன் பொட்டலத்தோடு நேராக வேளாங்கண்ணி வீட்டுக்கு வருவார். இரண்டு குடும்பமும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிக்கொண்டு மாதவராஜ் குடும்பம் தங்கள் மாடி வீட்டுக்குப் போகும். பாரதிபுரத்து வீட்டில் வேறு தொல்லை. நிர்மலாவுக்கு அரசுப் பட்டுக்கூடு அங்காடியில் எழுத்தர் வேலை. நாள் முழுக்கக் கூடு ஏலத்தில் நின்றுவிட்டு வந்தால் சேலையெல்லாம் அந்த வாடை. வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வேளாங்கண்ணியிடம் புகார் சொன்னாள். "அந்த வாடையிலதாங்க நீங்க கட்டியிருக்கிற பட்டுச்சேலையே வருது" என்றாள் வேளாங்கண்ணி. கடைசி வீடு வெண்ணாம்பட்டியில். மாதவராஜ் அங்கேதான் இறந்தார், இரண்டு வருஷத்துக்கு முன்பு. காரியம் முடிந்ததும் மகன் நவநீதன் அம்மாவை ஓசூரில் தான் வாங்கிய அடுக்குமாடி ஃப்ளாட்டுக்கு அழைத்துப் போனான். வெண்ணாம்பட்டிச் சாவியை நிர்மலா வேளாங்கண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை நிர்மலா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை, தண்ணீர்ப் பாட்டில்.

"அங்க என்னாக்கா கொறை?" என்று ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே கேட்டாள் வேளாங்கண்ணி.

"ஒரு கொறையும் இல்ல. பையன் நல்லா வச்சிருக்கான். மருமவளும் தங்கம்."

"அப்புறம்?"

"வண்டிய எடு."

முதலில் அன்னசாகரத்து வீட்டைக் காட்டினாள். தரைத்தளம், இரண்டு அறை, சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை. நிர்மலா அலமாரியைச் சாணால் அளந்தாள். பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இங்க துணி காயப் போடலாம், இங்க ஒரு துளசி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த வேளாங்கண்ணிக்குத் தைரியம் வந்தது. எப்படியும் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்காரி சோபனா பெங்களூரில் இருந்தாள். பேச்சில் ஒளிவு இருக்கக் கூடாதென்று வேளாங்கண்ணி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அன்றும் பழக்கத்தில் அதை அழுத்திவிட்டாள்.

"ஃபேமிலிங்களாம்மா?" என்றாள் சோபனா.

"ஒருத்தருங்க. கவர்மென்ட்ல ரிட்டயர்டு. எனக்கு முப்பத்தாறு வருசமாத் தெரியும்."

"வயசு?"

"அறுபத்து மூணுங்க."

சோபனாவின் குரல் உயர்ந்தது.

"என்னங்கம்மா இது? நீங்கதானே எழுதி அனுப்புனீங்க? ஏழாவது பாயின்ட். நாங்களா கேட்டோம்? 'ஏதாவது ஆச்சுன்னா வூடு அப்புறம் வாடகைக்குப் போகாதுங்க'ன்னு நீங்கதான் பயமுறுத்துனீங்க. இப்ப நீங்களே மாத்திச் சொன்னா எப்படி?"

வேளாங்கண்ணி ஸ்பீக்கரை அணைப்பதற்குள் எல்லாம் கேட்டுவிட்டது. நிர்மலா அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போனாள்.

நேதாஜி பைபாஸ் ரோட்டில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தார்கள். டீ வந்து ஆடை கட்டியது.

"யாரு வேளா?" என்றாள் நிர்மலா. "அந்த ஏழாவது பாயின்ட் யாருனால வந்துச்சு?"

வேளாங்கண்ணி இதுவரை வியாகுலத்திடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

கிருஷ்ணப்பன் என்று ஒருவர். ஆனேக்கல் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை. பிடமனேரியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். நல்லா இருக்கீங்களா என்று கேட்டால் மட்டும் "சென்னாகிதீனிம்மா" என்று கன்னடத்தில் சொல்வார். எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மாதம் ஒன்றாம் தேதி அவருடைய வாடகை வழக்கம்போல வந்து சேர்ந்தது. இரண்டாம் தேதி அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மாடிவீட்டார் ஊருக்குப் போயிருந்தார்கள். வாசலில் பால் பாக்கெட் சேர்ந்து கிடக்கிறதே என்று ஆறாம் தேதி பால்காரர்தான் வேளாங்கண்ணிக்குப் போன் செய்தார். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தவள் அவள்தான்.

"எட்டு மாசம் அந்த வூட்டுக்கு யாரும் வரலக்கா. ஓனர் என்னைத் திட்டாத திட்டு இல்ல. கதவத் தொறந்த வாரமே அந்தப் பாயின்ட்ட எழுதிட்டேன். எழுதினதும் தூக்கம் வந்துச்சு."

"அவரு கூட நீ கடைசியா எப்பப் பேசுன?"

வேளாங்கண்ணி போனை எடுத்துத் தேடினாள். அவர் பெயர் இன்னும் அதில் இருந்தது. 'குழாய் வாஷர் மாற்றியாகிவிட்டது' என்று அவள் அனுப்பிய செய்திக்கு அவர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். அது அவர் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

"நேர்ல பேசி ஒரு வருசம் ஆயிருக்கும்" என்றாள். "போக வேண்டிய வேலையே இல்லக்கா. வாடகை சரியா வந்துருச்சு."

நிர்மலா டீயின் மேலிருந்த ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

"லைன் வூட்ல எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"எனக்கே தெரியல. அசதின்னு நெனச்சேன். அவரு டூட்டிக்குப் போயிட்டாரு. நீ வாடகைக்கு வந்த. பணத்த வாங்காம, 'அக்கா, வெளிச்சத்துக்கு வாங்க'ன்னு கையப் புடிச்சு இழுத்த. கண்ணப் பாத்துட்டு அப்படியே ரிக்ஷால ஏத்துன. அந்த மாசம் வாடகையே வாங்கல நீ."

"அப்ப அஞ்சு வூடுக்கா. இப்ப எழுபத்திரண்டு."

"நான் தப்புன்னு சொல்லல வேளா. எனக்கு அதெல்லாம் ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

அன்று இன்னும் இரண்டு வீடு பார்த்தார்கள். ஒன்றில் படி அதிகம். இன்னொன்றில் வீட்டுக்காரர் வயதைக் கேட்டதும், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஐந்து மணி ஓசூர் பஸ்ஸுக்கு அவளை ஏற்றிவிட வேளாங்கண்ணி பஸ் நிலையத்துக்கு வந்தாள். கூட்டம் நெரிந்தது. நிர்மலா கம்பியைப் பிடித்து நிற்பதைப் பார்த்த கண்டக்டர், நரைத்த ஆள், டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.

"நீங்க மாதவராஜண்ணன் வூட்டம்மா தானுங்களே?"

நிர்மலா தலையசைத்தாள்.

"அண்ணன்கிட்டதாங்க நான் விசிலடிக்கக் கத்துக்கிட்டேன். இங்க உக்காருங்க, வாங்க." தன் இருக்கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு அவளை உட்கார வைத்தார்.

நிர்மலா ஜன்னல் வழியாக வேளாங்கண்ணியைப் பார்த்தாள். "ஓசூர்ல கேட்ல நிக்கிற பையன் ரெண்டு வருசமா தெனமும் கேக்குறான், 'எந்த ஃப்ளாட்டும்மா'ன்னு" என்றாள். பஸ் கிளம்பியது.

மறுநாள் நவநீதன் அழைத்தான். சின்ன வயதிலிருந்தே அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

"அத்தை, அம்மாவுக்கு வூடு கெடைக்கலைன்னு சொல்லிடுங்க. நாலு நாள் வருத்தப்படுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. தனியா விட்டா எனக்குத் தூக்கம் வராது."

அவன் சொன்னதில் தவறில்லை. இல்லை என்று சொல்ல அவளுக்குப் பெரிய சிரமமும் இல்லை. அச்சடித்த தாளே கையில் இருந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"உங்கம்மா வூடு கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே இல்ல தம்பி. அஞ்சு வூடு பாத்துக் குடுத்திருக்கேன்."

"அப்ப நீங்க பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகுதான், உரிமையாளர்களிடம் அந்தச் சொல்லைத் தினம் பத்து முறை சொல்வதும், குடியிருப்பவர் ஒருவருக்காகச் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டதும் அவளுக்கு உறைத்தது.

அடுத்த பத்து நாட்களில் எட்டு உரிமையாளர்களைக் கேட்டாள். சோபனாவிடம் மறுபடியும் கேட்டாள். எல்லோரும் மரியாதையாக மறுத்தார்கள். எல்லோரும் ஏழாவது விதியைத்தான் சொன்னார்கள். தான் கட்டிய சுவரில் தானே முட்டிக்கொள்வது போலிருந்தது அவளுக்கு.

கடைசியாக ஒட்டப்பட்டியில் கண்ணம்மாளைப் பார்க்கப் போனாள். கண்ணம்மாளுக்கு எழுபத்தொன்று. நிலத்தை மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு முன்வீட்டில் தனியாக இருந்தாள். பின்போர்ஷன் இரண்டு மாதமாகக் காலி. மேற்கே பார்த்த வீடு. வெயில் நேராக அடிக்கும். போர் தண்ணீர் உப்பு. அதனால்தான் வேளாங்கண்ணி அதை முதலில் யோசிக்கவில்லை.

போனில் கேட்காமல் நேரே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏழாவது விதியைத் தான் எழுதியது தப்பு என்றும் சொன்னாள்.

கண்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கண்ணு, அந்தப் பேப்பரைக் குடுத்துட்டுப் போனியே, பேத்திய உட்டுப் படிக்கச் சொன்னேன். எனக்கு எழுவத்தொண்ணு. ஒண்டிக்கட்ட. நீ எழுதுனதப் பாத்தா என் வூட்ல நானே குடியிருக்கக் கூடாதாட்டம் இருக்குதே!"

 கண்ணம்மாள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் வேளாங்கண்ணிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளுமளவுக்குச் சிரித்தாள்.

"வரச் சொல்லு அந்தம்மாவ. உப்புத்தண்ணின்னு முன்னயே சொல்லிப்புடு. அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

அக்ரிமென்டை வேளாங்கண்ணியே எழுதினாள். வழக்கமான வரிகளுக்குக் கீழே ஒரு வரி புதிதாகச் சேர்த்தாள்: முகவர் வாரம் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட உட்கார்ந்த நிர்மலா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பட்டுக்கூடு அங்காடியில் முப்பது வருஷம் காகிதம் படித்த பழக்கம். கடைசி வரிக்கு வந்ததும் பேனாவால் குறுக்கே கோடு போட்டாள்.

"ஏங்கக்கா?"

"எழுதி வச்சதுக்காக வர்றதா இருந்தா நீ வராத."

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். நவநீதன் காரில் சிலிண்டரும் மிக்ஸியும் கொண்டுவந்தான். முகத்தில் இன்னும் தெளிவில்லை. வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஜன்னல் கொக்கியையும் இழுத்துப் பார்த்தான். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று தானே கடைக்குப் போய் வேறு வாங்கிவந்து பூட்டினான். கண்ணம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் வூட்டுக்கும் ஒண்ணு மாட்டிட்டுப் போ சாமி" என்றாள். கிளம்பும்போது அவன், "அத்தை..." என்று ஆரம்பித்தான். "போயிட்டு வா தம்பி" என்றாள் வேளாங்கண்ணி.

நிர்மலாவுக்கு வீடு பொருந்திவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மூன்று மணிக்கு மேல் முன்னறையில் உட்கார முடியவில்லை. கண்ணம்மாளுக்கும் அவளுக்கும் டிவி சத்தத்தில் ஒருமுறை மனத்தாங்கல் வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். மூன்றாம் நாள் கண்ணம்மாளுக்குக் கால் பிசகிக்கொண்டது. நிர்மலா கஞ்சி வைத்துக் கொண்டுபோனாள். இதெல்லாம் வேளாங்கண்ணிக்குத் தெரிந்தது, அவள் அந்தப் பக்கம் அடிக்கடி போனதால்.

விதிகள் அச்சடித்த தாளை அவள் மறுபடியும் அடித்தாள். இப்போது அதில் பதினொன்றுதான் இருந்தன. இரண்டு உரிமையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு புரோக்கரிடம் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏழாவது விதி வருவதற்கு முன்பே குடிவந்து, அந்தந்த வீட்டிலேயே வயதாகிப்போன சிலர் அவள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் காளியப்பன், செந்தில் நகரில் இருந்தார், ரிட்டயர்டு வாத்தியார். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி காலையில் அவள் போய் அவர் கதவைத் தட்டினாள். கதவைப் பாதி திறந்த காளியப்பன் அவளைக் கண்டதும் கலவரப்பட்டுப்போனார்.

"என்னாங்கம்மா, வாடகை வரலைங்களா? ஒண்ணாந்தேதியே போயிருக்கணுமே!"

"வந்துருச்சுங்க."

"வூட்டக் காலி பண்ணச் சொல்றாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. சும்மா வந்தேன்."

அவர் நம்பவில்லை. அவளுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியில் கிடந்த பேப்பர்களை அள்ளி ஓரமாக வைத்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசினார். கொல்லைக் கதவு மழையில் உப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு நாய் விடியும் முன்னே குரைக்கிறது. தீர்த்தமலைக்கு ஒருமுறை போய்வரலாம் என்றால் கூட வர ஆளில்லை. வலது கண்ணில் மூன்று மாதமாக மங்கல். அவர் அனுப்பிய எந்தச் செய்தியிலும் இதில் ஒரு வார்த்தை இருந்ததில்லை.

வேளாங்கண்ணி எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள்.

"கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள்.